தேர்வு வடிகட்டி மையம்

வேடியப்பன் அதைக் கண்டுபிடித்தது 2003 ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். கண்டுபிடித்தது என்று அவர்தான் சொல்வார். அந்த மென்பொருளை எழுதியவர்கள் எங்கோ ஒரு தேசத்தில் அதைச் செய்து, பெயர் வைத்து, மெனுவில் நான்காவது வரியாகப் போட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நின்ற பேரொளி பொறியியல் கல்லூரியில் அதை முதலில் பார்த்தவர் அவர்தான். அவர் பட்ட பாடெல்லாம் இந்த ‘முதலில்’ என்ற வார்த்தையால் வந்தது.

வேடியப்பன் அங்கே லேப் இன்ஸ்ட்ரக்டர். எந்திர பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரையும் லேப். அந்த வாரம் பையன்களுக்கு ஒரே சிக்கல். திரையில் ஒரு இரும்புத் தகடு, அதில் ஒரு வட்டத் துளை. துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை எவ்வளவு என்று அளக்க வேண்டும். விடை ஐம்பது மில்லிமீட்டர். ஆனால் மவுஸுக்கு அடியில் எது அகப்படுகிறதோ அதைத்தான் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். நடுப்புள்ளியைத் தொடப்போனால் துளையின் விளிம்பைப் பிடித்து நாற்பது என்று காட்டும். தகட்டின் ஓரத்தைத் தொடப்போனால் அதன் மேல்பரப்பைப் பிடித்து பூஜ்யம் என்று காட்டும். முப்பது பையன்கள் விதவிதமாக விடை எழுதினார்கள்.

அளக்கும் மெனுவின் நான்காவது வரியில் ஃபில்டர் என்று ஒன்று இருந்ததை வேடியப்பன் அன்றைக்குத்தான் கவனித்தார். ‘பாயிண்ட் மட்டும்’ என்று வைத்தால் மவுஸ் புள்ளியைத் தவிர வேறெதையும் தொடாது. ‘எட்ஜ் மட்டும்’ என்றால் ஓரங்களைத்தான் பிடிக்கும். ‘ஃபேஸ் மட்டும்’ என்றால் பரப்புகளை. முதல் கிளிக்குக்குப் புள்ளி, இரண்டாவதற்கு ஓரம் என்று மாற்றி வைத்து அளந்தார். ஐம்பது வந்தது. எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு தடவை அளந்தார். அப்போதும் ஐம்பது.

மறுநாள் காலை அதை இளவரசனுக்குக் காட்டினார். இளவரசன் எம்.இ. படித்துவிட்டு ஆறு மாசத்துக்கு முன்னால் வேலூரிலிருந்து வந்த லெக்சரர். இருபத்தேழு வயசு. டிப்ளமோக்காரரான வேடியப்பனுக்கு வயசு நாற்பத்திரண்டு. ஆனாலும் ‘சார்’ என்று கூப்பிட வேண்டியது அவர்தான்.

“நல்லாதான் இருக்குது,” என்றான் இளவரசன். அவ்வளவுதான் சொன்னான்.

அடுத்த புதன்கிழமை சேர்மன் சக்கரவர்த்தி லேபுக்கு வந்தார். அரிசி மில் வைத்திருந்தவர். மில்லை விற்றுக் கல்லூரி கட்டியவர். இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வரப்போகிற சமயங்களில் ஒவ்வொரு ரூமாக நுழைந்து பெருமூச்சு விடுவது அவர் வழக்கம். வேடியப்பன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக மேஜைக்கு அடியில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார். அதனால் அவர் பார்த்தது நான்கு கால்களை மட்டும். கேட்டதோ எல்லாவற்றையும்.

“சார், புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்,” என்றது இளவரசனின் குரல். “பாருங்க, மவுஸை எங்க கொண்டுபோனாலும் இந்த ஓரம் மட்டும்தான் மாட்டும்.”

“மத்ததெல்லாம் இன்னா ஆச்சு? அழிச்சிட்டியா?”

“இல்ல சார். எல்லாம் அங்கயேதான் இருக்குது. ஆனா தொட்டா மாட்டாது.”

இரண்டு கால்கள் திரைப் பக்கம் ஒரு அடி நகர்ந்தன.

“கமிட்டி தொட்டாலும் மாட்டாதா?” என்று கேட்டார் சேர்மன்.

வேடியப்பன் மேஜைக்கு அடியிலிருந்து அவசரமாக எழப்போய்த் தலையில் இடித்துக்கொண்டார். அவர் வெளியே வருவதற்குள் சேர்மன் இளவரசனின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போயிருந்தார். அந்தத் தோளையும் அந்தக் கையையும் வேடியப்பன் வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். தலையில் புடைத்திருந்ததே அவருக்குச் சாயந்திரம்தான் தெரிந்தது.

முதலில் லேபை அளந்தார்கள். விதிப்படி லேப் நூற்றிருபது சதுர மீட்டர் இருக்க வேண்டும். இருந்தது பன்னிரண்டுக்கு ஏழு, எண்பத்து நாலு. பக்கத்தில் மூன்று மீட்டர் அகலத்தில் வராண்டா. இளவரசன் கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, வெளிச்சுவர் மட்டும் மாட்டும்படி ஃபில்டர் வைத்தான். லேபுக்கும் வராண்டாவுக்கும் நடுவில் இருந்த சுவர் திரையில் இருந்தது. ஆனால் தொட்டால் மாட்டவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து. சரியாக நூற்றிருபது. சேர்மன் திரையைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செலக்‌ஷன் ஃபில்டர் என்பதைத் தமிழாக்கி, ஒரு மாசத்துக்குள் லேபுக்கு அடுத்த ரூமில் ‘தேர்வு வடிகட்டி மையம்’ என்று போர்டு வந்தது. பரீட்சையில் வடிகட்டப் போகிறார்கள் என்று பையன்கள் கொஞ்சம் பயந்தார்கள். இளவரசன் ஒருங்கிணைப்பாளர் ஆனான். அவனுக்குச் சுற்றுகிற நாற்காலி வந்தது. மேஜை மணி வந்தது. கடைசியாக ஏசி வந்தது. அந்த ஏசியின் பின்பக்கம் எங்கே வடிந்தது என்றால், ஐந்து வருஷமாக வேடியப்பன் தன் டிவிஎஸ் ஃபிப்டியை நிறுத்திவந்த இடத்தில், சீட்டின் மேலே சொட்டுச் சொட்டாக. வண்டியை வேறு இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. தினமும் சாயந்திரம் சீட்டைத் துடைக்கும்போது, உள்ளே எவ்வளவு நேரம் ஏசி ஓடியிருக்கிறது என்று ஈரத்தை வைத்துக் கணித்துக்கொள்வார். அது அவருக்குத் தேவையாக இருந்தது.

மையத்தின் துவக்க விழாவில் சேர்மன் பேசினார்.

“இத்தினி நாளா நாம எல்லாத்தையும் அளந்துக்கினு இருந்தோம். அதனாலதான் முன்னேறல. ஒண்ணை அளக்கறதுக்கு முன்னாடி, எதை அளக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணணும். அதுக்குப் பேர்தான் சயின்ஸ். நான் மில்லு வெச்சிருந்தவன். சலிச்சா குருணை கீழ போயிடும். குருணையை யாராவது அரிசின்னு சொல்லுவாங்களா? பசங்களும் அப்படித்தான். அதுக்குன்னு குருணையைக் கொட்டிட முடியாது, அதுக்கும் வெலை இருக்குது. ஆகவே குருணைப் பசங்களையும் நாம வெச்சிருப்போம். அளவுல மட்டும் சேக்க மாட்டோம். இளவரசன் சார் மூணு சொன்னாரு. பாயிண்ட், எட்ஜ், ஃபேஸ். பேசினா பாயிண்டா பேசணும். வேலையில எட்ஜ்ல நிக்கணும். கமிட்டி வர்றச்சே ஃபேஸ்ல சிரிப்பு இருக்கணும்.”

கைதட்டல் அடங்க நேரமானது. வேடியப்பனும் தட்டினார். தட்டாமல் இருந்தால் பொறாமை என்று நினைப்பார்களே என்று மற்றவர்களைவிட ஜாஸ்தியாகவே தட்டினார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பிரிவும் மாசம் ஒரு ஃபில்டர் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. நூலகத்தில் ஒன்பதாயிரம் காட்ட வேண்டும். இருந்தது ஆயிரத்து ஐந்நூறு புத்தகம். ‘ஃபேஸ் மட்டும்’ என்று வைத்தார்கள். புத்தகம் ஒன்றுக்கு ஆறு முகம். சரியாக ஒன்பதாயிரம் வந்தது. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள். பாதிப் பையன்கள் கல்லூரிக்கு வந்து சேர மாட்டார்கள். வருகைப் பதிவிலிருந்து பௌர்ணமியை எடுத்தார்கள். முதல் நாளும் மறுநாளும் கூட்டம் இருக்கிறதே என்று அவற்றையும் எடுத்தார்கள். கடைசியில் வருஷத்தில் முழு நிலவே இல்லாமல் போனது. வருகை தொண்ணூற்றாறு சதவீதம் ஆனது. ஹாஸ்டல் மெஸ் படிவத்தில் ‘சாம்பார்: திரவம் மட்டும்’ என்று எழுதி வார்டன் கையெழுத்துப் போட்டார். அதில் மிதந்தது எதுவானாலும் அதற்கப்புறம் புகாராகவில்லை.

அக்டோபரில் ரிசல்ட் வந்தது. எழுதியவர்களில் நூற்றுக்கு முப்பத்தொரு பேர் தேறியிருந்தார்கள். மையம் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தது. ‘தேர்ச்சிக்குத் தகுதியான மாணவர்கள் மட்டும்’ என்று ஃபில்டர் போட்டதில் நூறு சதவீதம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் பெரிய போர்டு வைத்தார்கள். அதில் நூறு என்ற எண்ணும், அதன் ஓரமாக இளவரசனின் முகமும் இருந்தன. அந்த போர்டு கண்ணில் படாமல் இருக்க வேடியப்பன் ஒரு வாரம் சுற்றுவழியாகப் போனார். எட்டாம் நாள் அதன் எதிரிலேயே நின்று டீ குடித்தார்.

போர்டைப் பார்த்துத்தான் ஆராயி வந்தாள். அடி அண்ணாமலைக்காரி, வேடியப்பனுக்கும் அதே ஊர். மகன் ரெண்டாம் வருஷம். கல்லூரி அறிவிப்புப் பலகையில் தேறியவர் லிஸ்டில் அவன் பேர் இல்லை. தேறாதவர் என்று ஒரு லிஸ்டே இல்லை. வேடியப்பன்தான் அவளை மையத்துக்கு அழைத்துப் போனார். அழைத்துப் போனதில் நல்லெண்ணம் பாதி. இளவரசன் என்ன பதில் சொல்லித் திணறப்போகிறான் என்று பார்க்கிற ஆசை பாதி.

இளவரசன் திணறவில்லை. “உக்காருங்கம்மா,” என்றான். “உங்க பையன் ஃபெயில் ஆகல.”

“அப்ப பாசா?”

“பாஸும் இல்ல. அவர் அளவுக்குள்ள வரல. இருக்காரு, ஆனா செலக்ட் ஆக மாட்டாரு.”

ஆராயி ஏசியைப் பார்த்தாள். வேடியப்பனைப் பார்த்தாள். “காலையில பஸ்ல ஏத்திக்கினு வர்றச்சே மட்டும் உங்க கண்ணுக்கு ஆப்புட்டானா?” என்று கேட்டாள்.

“அது டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்மா. அவங்க ஃபில்டர் வேற,” என்றான் இளவரசன்.

அவள் எழுந்து போய்விட்டாள். வேடியப்பனுக்கு அவளுக்காகக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவும் செய்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே, அந்தப் பதிலை இவன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான், தன்னால் இப்படிச் சொல்ல முடியுமா என்று இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ரூம் வேறு ஜில்லென்று இருந்தது.

வீட்டில் அவர் மனைவி ரேணுகாம்பாள் எதிரில் இதைத்தான் தினமும் பேசினார். ப்ளஸ் டூ படிக்கிற மகள் இனியா பக்கத்து ரூமில் புத்தகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“நான் கண்டுபிடிச்சது அது. நான்தான் அவனுக்குக் காட்டினேன்.”

“எதைங்க? சுவரை மறைக்கறதையா?” என்றாள் ரேணுகாம்பாள்.

“அது இல்ல. அதுக்கு முன்னாடி இருக்கறது.”

“அப்ப அது உங்களுது, இது அவருது. எதுக்கு இப்படி வேகறீங்க?”

அவர் எழுந்து போய் மனு எழுதினார். ஃபில்டர் தன்னுடைய கண்டுபிடிப்பு என்றும், தேதி, கிழமை, மத்தியானம் இரண்டேகால் மணி என்று நேரமும் குறித்து, ஆவன செய்யுமாறு சேர்மனுக்குக் கொடுத்தார். சேர்மன் அலுவலகத்துக்கு வருகிற மனுக்கள் எல்லாம் இப்போது மையத்தின் வழியாகப் போவதாக விதி. நான்காம் நாள் பதில் வந்தது. ‘மனு வடிகட்டப்பட்டது. இதில் அளக்கத்தக்கது எதுவும் இல்லை. — ஒருங்கிணைப்பாளர்.’ கையெழுத்து இளவரசனுடையது. புதுப் பேனா. வேடியப்பன் அதையும் கவனித்தார்.

பிப்ரவரியில் கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைவர் சென்னையிலிருந்து வந்த வயசான பேராசிரியர். பன்னிரண்டு மணிக்குள் கோயில் தரிசனம், அப்புறம் காரிலேயே கிரிவலம் என்று ஏற்பாடாகியிருந்ததால், கல்லூரிக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். நேராக லேபுக்கு வந்தார்கள். வேடியப்பன் முந்தின நாளே முடிவு பண்ணியிருந்தார். கமிட்டி முன்னால் அந்த ஃபில்டரை எடுத்துவிடுவது. கல்லூரி என்ன ஆகும், தன் வேலை என்ன ஆகும் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. இளவரசனின் முகம் என்ன ஆகும் என்றுதான் இரவெல்லாம் யோசித்திருந்தார்.

கம்ப்யூட்டரைத் தலைவர் பக்கம் திருப்பி வைக்கிற சாக்கில் ஒரு கிளிக் செய்தார். தலைவர் மவுஸை நகர்த்தினார். நடுச்சுவர் மஞ்சளாக எரிந்தது.

“இது என்ன சுவர்?” என்று கேட்டார் தலைவர்.

இளவரசனின் முகம் நினைத்தபடியே ஆனது. வேடியப்பனின் நெஞ்சு நிறைந்தது.

“வராண்டா சுவர் சார்,” என்றார். “லேப் அதோட முடியுது. எண்பத்து நாலுதான் வரும். நூத்தி இருபது இல்ல.”

தலைவர் தலையை நிமிர்த்தினார். ஆறடி தூரத்தில் அந்தச் சுவரே நின்றது. அதில் ஒரு காலண்டரும் மாட்டியிருந்தது. அதைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அறிக்கையில நூத்தி இருபதுன்னு டைப் ஆயிடுச்சு,” என்றார். “இப்ப எண்பத்து நாலுன்னா நான் அடிச்சு எழுதணும். அடிச்ச இடத்துல இனிஷியல் போடணும். மூணு காப்பியிலயும் போடணும். மூணு மெம்பரும் போடணும். நாங்க காலேஜைப் பார்க்க வரல தம்பி. காலேஜ் கொடுத்த பேப்பர் சரியா இருக்கான்னு பார்க்க வந்திருக்கோம். பேப்பர் சரியாத்தான் இருக்கு. சுவர்தான் ஒத்துவரல. நீங்க யாரு?”

“லேப் இன்ஸ்ட்ரக்டர் சார். வேடியப்பன்.”

தலைவர் பணியாளர் லிஸ்டைப் புரட்டினார். பேர் இல்லை.

“எம்.இ. முடிச்சவங்க மட்டும்னு ஃபில்டர் சார்,” என்று இளவரசன் மெதுவாகச் சொன்னான். அவன் முகம் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. “டிப்ளமோ மாட்டாது.”

“லிஸ்ட்ல இல்லாதவர் சொன்னதை நான் எப்படிப் பதிவு பண்ண முடியும்?” என்றார் தலைவர், வருத்தமாகவே. “வெளியாட்கள் லேபுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு வேற விதி இருக்கு. கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

வேடியப்பன் வராண்டாவில் போய் நின்றார். வரைபடத்தின்படி அவர் இன்னும் லேபுக்குள்தான் இருந்தார். உள்ளே தலைவர், “குழப்பமா இருக்கு, அதைத் திரும்பப் போடுங்க,” என்று இளவரசனிடம் சொல்வது கேட்டது. அப்புறம் எல்லாரும் சிரிப்பதும் கேட்டது.

கல்லூரிக்குக் கூடுதலாக நூற்றிருபது இடங்களுக்கு அனுமதி கிடைத்தது. இளவரசன் துணை முதல்வர் ஆனான். வேடியப்பனை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. பேர் லிஸ்டில் இல்லாததால் நீக்குவதற்கு வழியில்லை என்றும், எனவே அவர் வராமல் இருந்தால் போதும் என்றும் சேர்மன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

அவலூர்பேட்டை ரோட்டில் மண்ணாங்கட்டி என்பவரின் லேத் பட்டறையில் அவருக்கு உடனே வேலை கிடைத்தது. கடைந்து வருகிற பாகங்களை வெர்னியர் வைத்து அளந்து, சரி, தப்பு என்று பிரித்து வைக்கிற வேலை. அவர் அளந்தால் தப்பாது என்று மண்ணாங்கட்டி எல்லாரிடமும் சொன்னார். சம்பளமும் கம்மி இல்லை. ஆனால் வேடியப்பன் டீக்கடையில், சலூனில், பஸ்ஸில் என்று அகப்பட்டவர்களிடம் எல்லாம் கல்லூரிக் கதையைச் சொன்னார். முதல் மாசம் கவனமாகக் கேட்டார்கள். ரெண்டாம் மாசம் சிரித்தார்கள். அதற்கப்புறம், “பாவம், அந்தப் பையனுக்கு ஏசி ரூம் குடுத்துட்டாங்கன்னு இவருக்குக் காண்டு,” என்று அவர் போனபிறகு பேசிக்கொண்டார்கள். அதை முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது. அவர் கதையில் சுவருக்கு ரெண்டு நிமிஷம், ஆராயி மகனுக்கு ஒரு நிமிஷம், ஏசிக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

மே மாசம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. இனியா நல்ல மார்க். இன்ஜினியரிங் என்றாள். எந்தக் கல்லூரி என்று கேட்டதற்கு, பேரொளி என்றாள். பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது. நூறு சதவீதத் தேர்ச்சி.

வேடியப்பன் பதறிப்போய், “அந்த நூறு நூறே இல்ல இனியா. முப்பத்தொண்ணு,” என்றார்.

“ஊரே நூறுங்குது. நீ ஒருத்தன்தான் முப்பத்தொண்ணுங்கற.”

“நான் உள்ள இருந்து பாத்தவன்மா.”

“நீ அவரைத்தான்ப்பா பாத்துக்கினு இருந்த,” என்றாள் இனியா. கோபமில்லாமல்தான் சொன்னாள். “ஒரு வருஷமா ராத்திரி சோத்துல உக்காந்தா அவரு நாற்காலி, அவரு மணி, அவரு பேனா. பொறாமையில சொல்றதை எப்படிப்பா நம்பறது?”

வேடியப்பன் மனைவியைப் பார்த்தார். ரேணுகாம்பாளுக்கு அவர் சொல்வது உண்மை என்று தெரியும். “அந்த ரூமை உங்களுக்குக் குடுத்திருந்தா நீங்களும் நூறுன்னுதானே சொல்லியிருப்பீங்க?” என்று கேட்டாள். அவர் ‘இல்லை’ என்று சொல்ல வாய் திறந்தார். மூன்று நாள் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்து பார்த்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை மகளை அழைத்துக்கொண்டு அட்மிஷனுக்குப் போனார்.

போகும் வழியெல்லாம் ஒரு முடிவோடுதான் போனார். கையெழுத்துக் கேட்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுவது. மகள் ஒரு மாசம் பேசாமல் இருப்பாள், இருக்கட்டும். வேலூரில், ஆரணியில் எத்தனையோ கல்லூரி.

துணை முதல்வரின் அறையில் நாலைந்து பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். வேடியப்பனைப் பார்த்ததும் இளவரசன் எழுந்து நின்றான். அவன் எழுந்ததால் அங்கிருந்த பெற்றோரும் என்னவோ ஏதோ என்று எழுந்தார்கள்.

“வாங்க சார், வாங்க,” என்றான். இனியாவிடம் திரும்பினான். “நீதான் சார் பொண்ணா? இங்க வந்த புதுசுல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அந்த ஃபில்டரை மெனுவுல எனக்கு முதல்ல காட்டினதே உங்க அப்பாதான். அவர் இல்லன்னா இந்த மையமே இல்ல.”

உண்மையாகவேதான் சொன்னான். ஒருவேளை அவன் மனசில் ஒரு வருஷமாக அது இருந்திருக்கலாம்.

இனியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படி அவரைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பெற்றோர்களில் ஒருவர் வேடியப்பனுக்குக் கும்பிடு போட்டார். இன்னொருவர், அப்போ நூறு சதவீதம் வந்ததே சாராலதானா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அறையில் ஏசி ஓடுகிறதா இல்லையா என்றுகூட வேடியப்பன் கவனிக்கவில்லை.

“வியாழக்கிழமை,” என்றார் அவர். “மத்தியானம் இரண்டேகால்.”

“ஆமா சார்,” என்றான் இளவரசன். ஃபாரத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

வேடியப்பன் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரையும், நிறுத்தி, அழகாகப் போட்டார்.